ஆயில் என்ஜின் இழுக்கவில்லையா? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிணற்று மேட்டில் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் பாதியாகிவிட்டது. போன கோடையில் ஒரே பொழுதில் பாய்ந்து முடிந்த மல்லிகைத் தோட்டம், இப்போது மறுநாள் வரை இழுக்கிறது. என்ஜினுக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தால், "ரிங் போயிருக்கும், இறக்கிப் பிரிச்சிற வேண்டியதுதான்" என்ற பேச்சு உடனே எழும்.

பிரிக்கும் முன் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். ரிங் தேய்வதைத் தவிர, என்ஜினின் இழுவையைக் குறைக்கும் காரணங்கள் பல இருக்கின்றன. அவற்றில் பாதியை ஒரு ஸ்பானர், ஒரு கண்ணாடி பாட்டில், பழைய துணி ஆகியவற்றை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். மீதிக்குப் பட்டறை வேண்டும். ஆனால் எந்தப் பாகத்தைக் கழற்றச் சொல்வது என்று தெரிந்து போகிறவருக்கு ஆகும் செலவு வேறு, தெரியாமல் போகிறவருக்கு ஆகும் செலவு வேறு.

விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும்போது ஆயில் என்ஜினை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்கள் ஓட்டுகிறார்கள். மின்கம்பம் எட்டாத தோட்டக்காரர்களும், கண்மாயிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுபவர்களும் ஓட்டுகிறார்கள். பெரியாறு-வைகைப் பாசனத்தில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். ஒருபோகப் பாசனம், திருமங்கலம் கால்வாயையும் சேர்த்து 1,05,002 ஏக்கர். தண்ணீரை முறை வைத்து விடும் ஆண்டுகளில், மேலூர்ப் பக்கம் கடைமடையில் கதிர் வரும் நேரத்துக்குப் பத்து நாள் தண்ணீர் தட்டினால் பயிரைக் காப்பாற்றுவது இந்த என்ஜின்தான். அந்தப் பத்து நாளில் அது இழுக்கவில்லை என்றால் மகசூலே போகும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். இரண்டு பெரிய சக்கரங்களோடு, நிமிடத்துக்கு 650 சுற்று அளவில் நிதானமாக அடிப்பது லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்த வடிவம் அது. பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டில் பல பட்டறைகள் அதே அச்சில் செய்து நாடெங்கும் அனுப்பின. இன்னொன்று, நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் 5 குதிரைச்சக்தி என்ஜின். பழைய மெக்கானிக்குகள் 'பீட்டர் என்ஜின்' என்பார்கள். 1946இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் செய்த ஏவி1 இந்த வகைதான். இரண்டுக்கும் நோயும் வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றே.

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கலில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பூப்போலத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இழுவைக்கு மூன்று தேவை: சரியாகத் தூவும் டீசல், போதுமான காற்று, கசியாத நெருக்கம் (கம்ப்ரஷன்). இந்த மூன்றில் எதில் குறை வந்தாலும் என்ஜின் திணறும். மூன்றும் சரியாக இருந்தும் திணறினால், தலையில் சுமை கூடியிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் குறை என்ஜினிலா, பம்பிலா? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். என்ஜின் வழக்கமான வேகத்தில், வழக்கமான சத்தத்தில், புகையில்லாமல் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் குறைவு என்றால் குறை பம்புப் பக்கம். புட்வால்வில் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அடைப்பான்) இலை சிக்கியிருக்கும். உறிஞ்சு குழாயின் இணைப்பு காற்றை இழுக்கும். அல்லது கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். பம்பு தண்ணீரை உறிஞ்சும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏட்டுக் கணக்கில் 34 அடி, நடைமுறையில் 20 அடிக்கு மேல் நம்ப முடியாது. அதற்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எந்தப் புதிய என்ஜினும் உதவாது. பம்பைத்தான் கீழே இறக்க வேண்டும்.

பெல்ட்டையும் பாருங்கள். என்ஜின் வேகம் சரியாக இருக்க, பம்பு கப்பி மெதுவாகச் சுற்றினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டின் உள்பக்கம் பளபளவென்று மினுங்கும், ரப்பர் கருகிய வாடை வரும். என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, பம்பைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். முறுக்கிக்கொண்டு சுற்றினால் கிளாண்ட் கயிற்றை (தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கயிறு) அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது பேரிங் போயிருக்கிறது. கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதுதான் சரி. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் அந்த உராய்வே என்ஜினின் இழுவையைத் தின்னும்.

பெல்ட் இல்லாமல் என்ஜினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். சுமையே இல்லாதபோதும் புகைகிறது, தட்டுத்தடுமாறுகிறது என்றால் குறை என்ஜினில்தான். சுமையில்லாமல் சீராக ஓடி, பெல்ட் மாட்டியதும் வேகம் இறங்கி, கறும்புகை கக்கினால் இரண்டு வாய்ப்பு: என்ஜினின் பலம் குறைந்திருக்கலாம், சுமை கூடியிருக்கலாம்.

இந்த இடத்தில் பலரைக் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு. கோடை முழுக்க நன்றாக இழுத்த என்ஜின், மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறிய பிறகு திணறுகிறது. தண்ணீர் மேலே வந்தால் சுமை குறையத்தானே வேண்டும்? நாம் பயன்படுத்தும் விசிறிப் பம்பில் (இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வீசும் பம்பு) நடப்பது தலைகீழ். தூக்க வேண்டிய உயரம் குறைந்தால் அது கூடுதல் தண்ணீரை அள்ளும். அள்ளும் தண்ணீர் கூடக்கூட, அது என்ஜினிடம் கேட்கும் சக்தியும் கூடும். டெலிவரிக் குழாயில் வால்வு இருந்தால் கொஞ்சம் மூடிப் பாருங்கள். என்ஜின் மூச்சுவிட்டு வேகம் எடுத்தால், நோய் இதுதான். வால்வை அந்த அளவில் வைத்து ஓட்டினால் போதும், பட்டறைச் செலவு இல்லை.

இன்னொரு சந்தேகமும் வரும். என்ஜின் வேகம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, தண்ணீர் ஏன் இவ்வளவு குறைகிறது? பம்பு தண்ணீரைத் தள்ளும் உயரம், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் மாறும். 1,500 சுற்றில் அதிகபட்சம் 70 அடி வரை தள்ளும் பம்பு, 1,350 சுற்றுக்கு இறங்கினால் 57 அடிதான் தள்ளும். உங்கள் மேடு 60 அடி என்றால், பம்பு சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டும் வராது. பத்தில் ஒரு பங்கு வேகம் குறைந்ததற்கு முழுத் தண்ணீரும் நின்றுபோகிறது. "என்ஜின் சத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று காது சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்பது இதனால்தான். பட்டறையில் சுற்று அளக்கும் கருவி (டேக்கோமீட்டர்) இருக்கும். ஒருமுறை அளந்து தரச் சொல்லுங்கள்.

என்ஜின் நன்றாக ஓடும் நாளிலேயே இரண்டு கணக்கை எடுத்துப் பம்புசெட் அறைச் சுவரில் எழுதி வைத்தால், பின்னால் பெரிய உதவி. 200 லிட்டர் பீப்பாய் எத்தனை விநாடியில் நிறைகிறது என்பது ஒன்று. டேங்கைக் குறி வரை நிரப்பி ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி குறி வரை நிரப்ப எவ்வளவு டீசல் பிடிக்கிறது என்பது இன்னொன்று. 5 குதிரைச்சக்தி என்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும்.

இந்த டீசல் கணக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். பம்புப் பக்கம் சரியாக இருந்தும், தண்ணீரும் குறைந்து, டீசல் செலவும் குறைந்திருந்தால் என்ஜினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. தண்ணீர் குறைந்து, டீசல் செலவு கூடியிருந்தால் போன டீசல் சரியாக எரியவில்லை. முதலாவதற்கு டேங்கிலிருந்து டீசல் பம்பு வரை பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் காற்று, நாசில், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

புகையின் நிறமும் அதையே வேறு விதமாகச் சொல்லும். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்: காற்று அடைப்பு, கெட்ட நாசில், அதிகச் சுமை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் பற்றாமலே வெளியேறுகிறது. கம்ப்ரஷன் குறைவு, டைமிங் தள்ளிப்போனது, டீசலில் தண்ணீர் என்று பாருங்கள். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகப்பட வேண்டியது அப்போதுதான். புகையே இல்லாமல் பலம் மட்டும் இல்லை என்றால், பெரும்பாலும் டீசல் பட்டினிதான்.

அந்தப் பட்டினியிலிருந்தே தொடங்குங்கள், செலவு மிகக் குறைந்த இடம் அது. என்ஜின் திணறிக்கொண்டிருக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் எடுத்தால் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை தூசியால் அடைத்திருக்கிறது. ஒரு ஊசியால் குத்தினால் தீர்ந்தது. அடுத்து, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். பிளாஸ்டிக் கேனில் வாங்கி, மூடியில்லாமல் வைத்து, கடைசிச் சொட்டுவரை டேங்கில் கவிழ்க்கும் வழக்கம்தான் தண்ணீரையும் மண்ணையும் உள்ளே கொண்டுபோகிறது. கேனில் கடைசி அரை லிட்டரை ஊற்றாதீர்கள்.

பிறகு டீசல் பம்பின் வாயில் வந்து சேரும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். டேங்க் மேலே இருப்பதால் டீசல் தடையில்லாமல் நிறைந்து விழ வேண்டும். நூல்போல விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது மிச்சமாகத் தெரியும். ஆனால் கழுவும்போது கிழிந்த காகிதம் வழியாகப் போகும் மண், டீசல் பம்பின் எலிமெண்ட்டை (டீசலை அழுத்தித் தள்ளும் மெல்லிய தண்டும் அதன் குழலும்) கீறிவிடும். ஃபில்டர் விலை எங்கே, எலிமெண்ட் விலை எங்கே!

குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். "ஏர் புடிச்சிருச்சு" என்பது அதுதான். ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்துங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் திருகில் அதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, டீசல் வரும்வரை ஹேண்டிலைச் சுற்றி, இறுக்குங்கள். காற்றை எடுத்தும் தினமும் மறுபடி பிடித்தால் எங்கோ ஒரு வாஷர் கசிகிறது. டீசல் ஈரம் தெரிகிற இணைப்பைத் தேடுங்கள்.

நாசில் (டீசலைத் தூவும் முனை) பற்றி ஓர் எச்சரிக்கை. ஓடும் என்ஜினின் நாசில் முன்போ, கசியும் அழுத்தக் குழாய் முன்போ கையை நீட்டவே கூடாது. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவிலான அழுத்தத்தில் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்தியதுபோல்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய், டீசல் ஏறியது என்று சொல்லுங்கள். நாசிலைச் சோதிக்கப் பட்டறையில் கைப்பம்பு இருக்கிறது. நல்ல நாசில் கிர்ரென்ற ஒலியோடு மூடுபனியாகத் தூவும். கெட்டது ஒழுகும், அல்லது கம்பிபோலப் பீய்ச்சும். உங்கள் கண்ணெதிரில் சோதித்துக் காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

இனி காற்று. ஏர் கிளீனரை ஒரு நிமிடம் கழற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள். கறும்புகை குறைந்து வேகம் கூடினால் அதுதான் அடைப்பு. கதிரடிப்பு நாளில் பறக்கும் தூசும், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதியும் அதை ஒரே பருவத்தில் அடைத்துவிடும். கழுவிப் புது ஆயில் ஊற்றும்போது குறியைத் தாண்டி ஊற்றாதீர்கள். மிஞ்சிய ஆயிலை என்ஜின் உறிஞ்சிக்கொண்டால், அதையே எரித்து நிறுத்த முடியாத வேகத்தில் ஓடத் தொடங்கும். சோதனை முடிந்ததும் கிளீனரை மாட்டிவிடுங்கள். "இல்லாமத்தான் நல்லா ஓடுது" என்று கழற்றியே ஓட்டினால், உள்ளே போகும் மண் ஒரு பருவத்திலேயே லைனரைத் (பிஸ்டன் ஓடும் உருளை) தேய்த்துவிடும்.

காற்று உள்ளே போனால் மட்டும் போதாது, புகை வெளியே போக வேண்டும். சைலன்சரைக் கழற்றித் தட்டுங்கள், கரி கொட்டும். சில மாதம் சும்மா கிடந்த என்ஜின் என்றால் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வால்வு, டைமிங் என்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முதலிலேயே ஒரு கம்பியை விட்டுப் பார்ப்பது நல்லது.

கிணற்றுக்குள் மேடை கட்டி என்ஜினை இறக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். மேலே நன்றாக இழுத்த என்ஜின் கீழே திணறுவதற்கு, அது தன் புகையையே திரும்ப மூச்சாக இழுப்பது ஒரு காரணம். பழுதே இல்லாத என்ஜினும் இப்படிக் கறும்புகை விடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு (நிறமும் வாடையும் இல்லாத நச்சு வாயு) இருக்கிறது. என்ஜின் திணறுகிற அளவுக்குக் கிணற்றில் புகை தேங்கிவிட்டது என்றால், அதைப் பார்க்க இறங்குகிறவர் உயிரோடு ஏறி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புகைக்குழாயைக் கிணற்றின் விளிம்புக்கு மேல்வரை நீட்டியே ஆக வேண்டும். குழாய் நீளும்போது அதன் அகலத்தையும் கூட்டுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், இல்லாவிட்டால் குழாயே அடைப்பாகிவிடும். என்ஜின் ஓடும்போது இறங்காதீர்கள். நிறுத்திய பிறகும் புகை கலைய நேரம் கொடுங்கள், மேலே ஒருவரை நிறுத்தாமல் இறங்காதீர்கள். கீழே ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிறேன் என்று அடுத்தவர் இறங்குவதால்தான் ஒரு சாவு இரண்டு மூன்றாகிறது. தீயணைப்புத் துறையை 101 அல்லது 112இல் கூப்பிடுங்கள். கிணற்றுக்குள் என்ஜின் வைக்காமல் வேறு வழி உண்டா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுவது, இழுவையைக் கூட்டுவதைவிட அவசரமான வேலை.

டீசலும் காற்றும் சரி என்றால் கம்ப்ரஷன். ஸ்டாப் லீவரை நிறுத்தும் நிலையில் வைத்து, டீசல் போகாமல் செய்யுங்கள். டிகம்ப்ரஷன் லீவரை (ஹேண்டில் சுற்றும்போது வால்வைத் திறந்து வைக்கும் நெம்பு) விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். நல்ல என்ஜின் ஓர் இடத்தில் முட்டி, கையைத் திருப்பித் தள்ளும். எதிர்ப்பே இல்லாமல் சக்கரம் உருண்டுபோனால் கம்ப்ரஷன் கசிகிறது.

எங்கே கசிகிறது என்பதையும் காது கண்டுபிடிக்கும். ஒருவர் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கேட்க வேண்டும். காற்று வரும் குழாயில் உஸ்ஸென்று கேட்டால் உள் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் வெளி வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் லைனரும். தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஓடும்போது குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இவற்றில் முதல் இரண்டுக்கும் கடைசிக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், அடிப்பாகத்தைத் தொட வேண்டியதே இல்லை.

ஹெட்டைக் கழற்றும் முன்பும் ஒரு படி இருக்கிறது: டாப்பெட் சந்து (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி). வால்வு தேயத்தேய இந்தச் சந்து குறுகும். முழுவதும் மறைந்துவிட்டால் வால்வு மூடவே மூடாது. என்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், உங்கள் மாடலுக்குக் கையேட்டில் சொன்ன அளவுத் தகட்டை நுழைத்துச் சரிசெய்ய வேண்டும். கால் மணி நேர வேலை. செத்த என்ஜின் உயிர் பெற்றது என்று நீங்கள் நினைக்கும் அளவுக்கு இழுவை திரும்பும்.

காலையில் நன்றாக இழுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தளர்ந்தால் என்ன? சூடு. மதுரை வட்டாரத்தில் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதையே என்ஜினுக்குள் விட்டுக் குளிர்விக்கும்போது, உள்ளே சுண்ணாம்புபோல் படிந்து வழி குறுகும். வெளியேறும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில், நிறைந்து விழ வேண்டும். கொதித்துக்கொண்டு சொட்டினால் உள்ளே அடைப்பு. ஓடும்போது 'டக்'கென்று தட்டி வேகம் இறங்கினால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கிவிட்டது, உடனே சுமையை எடுத்து நிறுத்துங்கள். அவசரத்தில் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினால் ஹெட் வெடிக்கும். தானாக ஆறட்டும்.

இவ்வளவும் படித்த பிறகும், "அந்த ஒரு ஸ்குரூவைக் கொஞ்சம் திருகினா டீசல் கூடும், இழுவை வந்துரும்" என்று யாராவது சொல்வார்கள். டீசல் கூடும் என்பது உண்மை. ஆனால் காற்றோ கம்ப்ரஷனோ போதாத என்ஜினுக்குக் கூடுதல் டீசல் கரியாகத்தான் மாறும். புகை கறுக்கும், நாசிலும் ரிங்கும் கரியால் ஒட்டும், பிஸ்டன் சூடேறும். சீல் வைத்த அந்தத் திருகைப் பட்டறை மேசையில் அளவு பார்த்து மட்டுமே தொட வேண்டும்.

கடைசியில் ரிங்தான் என்று முடிவானால், பட்டறையில் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: லைனரை அளந்தீர்களா? தேய்ந்த லைனரில் புது ரிங் போட்டால் சில வாரத்தில் பழைய கதைதான். அளவு சரியாக இருந்தால் ரிங் மட்டும் போதும். மீறியிருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். புது ரிங் போட்ட என்ஜினை முதல் நாளே முழுச் சுமையில் விடாதீர்கள். முதல் சில மணி நேரம் டெலிவரி வால்வைப் பாதி மூடி ஓட்டுங்கள். பிறகு என்ஜின் ஆயிலை மாற்றுங்கள்.

கிராங்க், லைனர், டீசல் பம்பு எல்லாமே போய்விட்டது, செலவு பெரிதாக வரும் என்றால், கையொப்பம் போடும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சூரியசக்திப் பம்புக்கு மானியம் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மேகமூட்ட நாளிலும் இரவிலும் அது இழுக்காது என்பதால், உங்கள் பயிருக்குத் தண்ணீர் எப்போது தேவை என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கால்வாயில் தண்ணீர் வந்ததும் என்ஜினுக்கு நான்கைந்து மாதம் ஓய்வு. பல என்ஜின்கள் இழுவையை இழப்பது ஓடும்போது அல்ல, இந்த ஓய்வில்தான். டேங்கை நிறைத்து வையுங்கள், காலியிடம் இருந்தால் ஈரம் படிந்து தண்ணீராகும். என்ஜினுக்குள் நிற்கும் உப்புத் தண்ணீரை வடித்துவிடுங்கள். புகைக்குழாயின் வாயில் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், குளவி புகாது. வாரம் ஒருமுறை டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்றி முடித்ததும், இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்தில் சக்கரத்தை நிறுத்துங்கள். அந்த நிலையில் சக்கரத்திலும் அதற்கு நேரே என்ஜின் உடலிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் உதவும், ஆனால் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்: கோடு நேரே வரும் இரண்டு சுற்றில் ஒன்றில்தான் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஆகவே டிகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு, சக்கரம் முட்டும் சுற்றில் நிறுத்துங்கள்.